ஒத்தப் பனைக்கு நேர் வடக்கு

சூரியன் ஏரிக்குள் இறங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பழவேற்காடு ஏரித் தீவான பசியாவரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம், படகுகளை இழுத்துவிடும் மணலில் நான் மண்டி போட்டிருந்தேன். கைப்பேசியைத் தரையில் மல்லாக்க வைத்து, அதிலிருந்த திசைகாட்டியின் முள் நின்ற பக்கமாக ஒரு குச்சியால் மணலில் கோடு இழுத்தேன்.

அந்தக் கோட்டைப் பார்த்தபடி முக்காலி நிற்க வேண்டும். முக்காலியின் தலையில் ஒரு சின்ன மவுண்ட், அதன்மேல் எங்கள் கல்லூரியின் தொலைநோக்கி, அதன் பின்னால் கேமரா. மேற்கே வெள்ளிக்கு வலப்பக்கம் கொஞ்ச நேரத்தில் வால் நட்சத்திரம் தெரியப்போகிறது. முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விடும்.

என் வீட்டுக்காரர் தேசப்பன் படகில் சாய்ந்து நின்று நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடக்கு அது இல்லமே," என்றார். "அதோ தண்ணிக்கு அப்பால ஒத்தப் பனை கீது பாரு. அதுக்கு நேரா."

நான் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. "போன் பொய் சொல்லாது. நீ கம்முனு இரு," என்றேன்.

வீட்டில் நாங்கள் ஒருவரை ஒருவர் நீ, வா, போதான். அச்சில் வருகிறது என்பதால் மட்டும் அவருக்கு இங்கே 'அவர்'. அவர் கம்முனு இருந்துவிட்டார். அந்தத் திமிர் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

பூட்டிய பீரோ

இத்தொடரை இப்போதுதான் கையில் எடுப்பவர்களுக்காகக் கொஞ்சம்: பொன்னேரியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் நான் ஆய்வக உதவியாளர். பெயர் பூங்காவனம். காலையில் பசியாவரத்திலிருந்து படகு, பழவேற்காட்டிலிருந்து பஸ். சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன்.

படிப்பு பன்னிரண்டாவதோடு சரி. ஆனால் எந்த ஸ்பெக்ட்ரோமீட்டரில் எந்தத் திருகு லூசு, எந்தத் தராசு காலையில் ஒழுங்காகவும் மத்தியானம் முரண்டு பிடித்தும் நிற்கும் என்று பேராசிரியர்களே என்னைத்தான் கேட்பார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால், ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

துறையில் ஒரு தொலைநோக்கி உண்டு. இரண்டடி நீளக் குழாய். அதைத் தாங்க இருந்த பழைய மவுண்ட்டின் பல்சக்கரம் தேய்ந்துபோய், இரண்டும் பல வருடமாகப் பீரோவில் கிடந்தன. வாரத்துக்கு ஒருமுறை திறந்து தூசி தட்டிப் பூட்டுவது என் வேலை. அதன் வழியாக வானத்தைப் பார்ப்பது யார் வேலை என்று யாரும் சொன்னதில்லை. அதனால் நானே மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், கைப்பிடிச் சுவரில் துண்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் குழாயை வைத்து நிலாவைப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையை முன்பே எழுதிவிட்டேன்.

வால் நட்சத்திரம் வந்த அந்த வருடம் புது மவுண்ட் வாங்க அனுமதி வந்தது. துறைத் தலைவர் நிர்மலா மேடம். நேர்மையானவர், கறாரானவர், சிரிப்பைக்கூட அளந்துதான் எடுப்பார். நான் நேராக அவர் அறைக்குப் போய், வாங்குவதைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி வாங்குங்கள் என்று கேட்டேன். கல்லூரி மாடியில் பஜார் விளக்கு வெளிச்சம் வானத்தையே வெளுக்க வைத்திருக்கும். எங்கள் ஏரி நடுவே வானம் கறுப்பாக இருக்கும்.

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கனமானது வந்தால் அது மாடியறையில் பூட்டிக் கிடக்கும், பசியாவரத்துக்கு ஒருநாளும் வராது. சின்னது வந்தால் என்னோடு படகில் ஏறும்.

மூன்றில் எது

மவுண்ட் என்றால் ஏதோ ஸ்டாண்டு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். குழாய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தாங்குகிற கை சரியில்லையென்றால் ஒன்றும் தெரியாது. நாங்கள் பார்த்தவை மூன்று வகை.

ஒன்றுக்கு நான் தலையாட்டி என்று பெயர் வைத்திருந்தேன். மேலே கீழே, இடம் வலம் என்று கையால் திருப்பலாம். நிலா பார்க்கவும் சனியின் வளையம் பார்க்கவும் இதைப்போல வசதி கிடையாது. ஆனால் பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால், பிடித்துவைத்த நட்சத்திரம் ஒரு நிமிடத்தில் கண்ணைவிட்டு நழுவிவிடும். கண்ணால் பார்க்கிறவர் குழாயைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக்கொள்ளலாம். கேமரா இருபது விநாடி கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், அதற்கு இது உதவாது.

அடுத்தது ராட்சசன். அதன் அச்சை வடக்கு நோக்கிச் சாய்த்து வைத்துவிட்டால், பூமி ஒரு பக்கம் சுற்றச் சுற்ற மோட்டார் அதற்கு ஈடாக மறுபக்கம் திருப்பிக்கொண்டு வரும். நட்சத்திரம் இருந்த இடத்திலேயே நிற்கும். அருமையான சாமான், மறுக்கவில்லை. ஆனால் தலை ஒரு பெட்டி, முக்காலி ஒரு மூட்டை, எடைக்குண்டுகள் தனி, பேட்டரி தனி. தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

மூன்றாவது குட்டி. ராட்சசன் செய்யும் அதே வேலையைச் சாப்பாட்டு டப்பா அளவில் செய்யும். எங்கள் இரண்டடிக் குழாயைத் தாங்கும். துறை என்றைக்காவது பெரிய எட்டு அங்குலக் குழாய் வாங்கினால் அதைத் தாங்காது. இதை நான் மேடத்திடமும் மறைக்கவில்லை, உங்களிடமும் மறைக்கவில்லை.

எவ்வளவு கனத்தை என்னால் தினமும் கொண்டுபோய் வர முடியும் என்று நானே சோதித்துப் பார்த்தேன். ஆய்வகத்து எடைக்கற்களைப் பையில் போட்டுக்கொண்டு பழவேற்காடு பஸ் நிறுத்தத்திலிருந்து படகுத்துறை வரை நடந்தேன். துணைக்கு என் நாத்தனார் சுகுணா. பத்துக் கிலோ வரைக்கும் அவளோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு நடந்தேன். பதினைந்தில் வாய் தானாக மூடிக்கொண்டது. நான் பேசவில்லை என்றால் சுமை ஜாஸ்தி என்று அர்த்தம். இதைக் குறித்துக்கொண்டு போய் மேடத்திடம் சொன்னேன். அன்றைக்கு அளக்காமலே சிரித்தார்.

பதிமூன்று டிகிரி

ஆனால் சிரித்தாரே தவிர ஒத்துக்கொள்ளவில்லை. துறையில் மற்றவர்களுக்கு ராட்சசன்மேல்தான் கண். கல்லூரிக்கு ஆட்கள் வந்தால் காட்டுவதற்குக் கம்பீரமாக இருக்கும் என்றார்கள்.

நான் அதன் விளக்கத்தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் எழுத்தெழுத்தாகப் படித்தேன். இந்த மவுண்ட்டின் அச்சை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி. நமக்குப் பதிமூன்றும் கொஞ்சமும். அந்தத் தாளின் அடியில் பொடி எழுத்தில், இருபது டிகிரிக்குக் கீழே இது இறங்காது என்று போட்டிருந்தது. குளிர் தேசத்துக்காகச் செய்த சாமான், நம் ஊருக்குக் குனிய மாட்டேன் என்கிறது.

மறுநாள் அதைக் காட்டினேன். விற்பனைக்காரரைக் கேட்டார்கள். முக்காலியின் ஒரு காலுக்கு அடியில் கட்டை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னாராம். கட்டை வைத்தாலும், அச்சை இருபது டிகிரிக்கு இறக்கும்போதே எடைக்குண்டு மாட்டும் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும் என்று நான் ஒரு ஸ்டூலையும் துடைப்பத்தையும் வைத்துக் காட்டினேன். சிலர் துடைப்பத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. குனிந்து, கம்பி இடிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு தீர்ப்பு மாதிரி ஒன்று சொன்னார். "சின்னது தூக்க வசதி, சரி. படம் எடுக்குமா? வால் நட்சத்திரம் வருதுல்ல, அதுல ஒரு படம் எடுத்துட்டு வா பூங்காவனம். நட்சத்திரமெல்லாம் புள்ளியா இருக்கணும். வியாழக்கிழமை கூட்டத்துல அத வச்சு முடிவு பண்ணலாம்."

கையில் மவுண்ட்டே இல்லாமல் படம் எப்படி எடுப்பது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அனுப்பம்பட்டு சார்லஸ்

இரவல் தர ஓர் ஆள் இருந்தார். அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் குடியிருக்கும் சார்லஸ். ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு. ஓய்வு நாளில் வானம் பார்ப்பவர். எங்கள் கல்லூரிக்கு ஒருமுறை கிரகணம் காட்ட வந்தபோது பழக்கம். நான் கேட்டிருந்த அதே குட்டி மவுண்ட் அவரிடம் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவருக்கு இரவு வேலை. வால் நட்சத்திரத்தை அவர் படம் எடுக்க முடியாது. அந்த வருத்தத்தை வெளியே காட்டாமல் பொன்னேரியிலிருந்து ரயிலில் போன என் கையில் மவுண்ட்டைப் பிளாட்பாரத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். வழக்கமாகத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் இதை நிறுத்த வேண்டும், ஆனால் இருட்டி அது தெரிவதற்குள் வால் நட்சத்திரம் இறங்கிவிடும், அதனால் திசைகாட்டி வைத்து வடக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொன்னார். ரயில் கிளம்பும்போதும் ஜன்னலோரம் ஓடிவந்து, உப்புக்காற்று படும், துடைத்து வையுங்கள் என்றார்.

ஆக, சனிக்கிழமை சாயங்காலம் நான் மணலில் மண்டி போட்டிருந்தேன். வியாழக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

எங்கள் ஊரில் நங்கூரம்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் எது அசையக் கூடாதோ அதற்கு நங்கூரம் கட்டுவோம். படகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கல்யாணப் பந்தல் போட்டால் நாலு மூலைக் கயிறும் நாலு நங்கூரத்தில்தான் முடியும். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு, நாங்கள் இரண்டு என்று பிரித்துக்கொண்டோம். தண்ணீர்த் தொட்டி மூடி பறக்கிறதா, கொடிக்கம்பம் ஆடுகிறதா, கொண்டுவா நங்கூரம். மணலில் ஆணி அடித்தால் நிற்காது, கல் கிடைக்காது. கையெட்டும் தூரத்தில் கனமாக இருப்பது அது ஒன்றுதான்.

குட்டி மவுண்ட்டோடு வந்த முக்காலி ரொம்ப லேசு. ஏரிக்காற்றில் குழாய் நடுங்கியது. தேசப்பன் தானாகப் போய்ப் படகிலிருந்து நங்கூரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, முக்காலியின் நடுவே கயிறு போட்டு, தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டார். நடுக்கம் நின்றுவிட்டது.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். நங்கூரத்துக்குப் பக்கத்திலேயே மணலைத் தடவிச் சமன் செய்து, கைப்பேசியை வைத்து, வடக்குக்குக் கோடு இழுத்தேன். அப்போதுதான் அவர் ஒத்தப் பனையைக் காட்டினார், நான் அவரைக் கம்முனு இருக்கச் சொன்னேன்.

உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். பதினெட்டு வருடம் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தவளுக்கு விளங்கவில்லை.

மழை பெய்கிற படம்

வால் நட்சத்திரம் வந்தது. முதலில் ஒரு மங்கல், பிறகு தலை, பிறகு மேல்நோக்கி நீண்ட வால். ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். இதனால் ஏதும் கெடுதல் வருமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வராது என்று சொன்னேன். வியாழக்கிழமை எனக்கு வந்தால்தான் உண்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இருபது விநாடி வைத்து முதல் படம் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் அது வந்ததும் எல்லோரும் தலையை நீட்டினார்கள்.

நட்சத்திரம் ஒன்றுகூடப் புள்ளியாக இல்லை. எல்லாம் சாய்வாகக் கோடு கோடாக இழுபட்டிருந்தன. வால் நட்சத்திரத்தின் தலை ஒரு புழு அளவுக்கு நீண்டிருந்தது.

"மழ பேயற மாதிரி கீது அண்ணி," என்றாள் சுகுணா.

அவள் கேலி செய்யவில்லை. பார்த்ததைச் சொன்னாள். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. பேட்டரி மாற்றினேன், திருகுகளை இறுக்கினேன், மறுபடி எடுத்தேன். மறுபடியும் மழை. இருபத்தைந்து படம் எடுத்திருப்பேன், இருபத்தைந்திலும் மழை. அதற்குள் வால் நட்சத்திரம் கரையோர மூட்டத்தில் இறங்கிவிட்டது.

ராத்திரியே சார்லஸைக் கூப்பிட்டு, உங்கள் மவுண்ட்டில் மோட்டார் ஓடவில்லை என்று சொன்னேன். ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்றார். கேட்கிறது என்றேன். வடக்கு சரியாக இருந்ததா என்றார். போன் வைத்துப் பார்த்தேன் தம்பி என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். இரவல் கொடுத்த மனிதரிடம் குரலை உயர்த்தியதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

தேசப்பன் பக்கத்தில்தான் படுத்திருந்தார். பனையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

குட்டியால் முடியாது என்று நானே என் கையால் நிரூபித்துவிட்டேனோ என்ற பயத்தில் அன்று சரியாகத் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழை வந்தது, உண்மையான மழை. மேற்கு முழுக்க மேகம். நிலா வேறு நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டு வந்தது, வால் நட்சத்திரம் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது.

மர ஸ்டூல்

திங்கட்கிழமை ஆய்வகத்தில் முதலாம் ஆண்டுப் பெண்களுக்குக் காந்த ஊசிப் பரிசோதனை. அந்த மேசைகளுக்கு மட்டும் நான் மர ஸ்டூல்தான் போடுவேன். இரும்பு ஸ்டூல் அந்தப் பக்கமே வரக்கூடாது. வந்தால் ஊசி அதன் பக்கம் திரும்பிவிடும், கணக்கு எல்லாம் தப்பாக வரும். பதினெட்டு வருடமாக நான் போட்டு நடத்திவரும் சட்டம் அது.

ஒரு பெண் தெரியாமல் பக்கத்து மேசையிலிருந்து இரும்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஊசி ஆடியது. நான் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, எத்தினி தபா சொல்றது? ஊசிகிட்ட இரும்ப வச்சா வடக்கு எங்கடி இருக்கும், உன் ஸ்டூலுக்கு அடியிலயா..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே முக்காலியில் தொங்கிய நங்கூரம் கண்முன் வந்து நின்றது.

திட்டு பாதியில் நின்றதில் அந்தப் பெண் பயந்துபோய் எழுந்து நின்றாள். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் போய் நின்று, தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன். பதினைந்து கிலோ இரும்பைத் தொங்கவிட்டு, அதன் காலடியில் திசைகாட்டியை வைத்து வடக்கு கேட்டிருக்கிறேன். அதுவும் யார்? மர ஸ்டூல் பூங்காவனம்.

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். மவுண்ட்டில் பழுது இல்லை என்ற நினைப்பு வந்ததும் உடம்பு லேசானது. இன்னும் மூன்று சாயங்காலம் பாக்கி இருந்தது.

சாயங்காலம் படகுத்துறையிலிருந்து சார்லஸைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சோறு போட்டுக் குழம்பு ஊற்றும்போது, அந்தப் பனையைக் காட்டு என்றேன்.

"எந்தப் பனை?" என்றார், தெரியாத மாதிரி.

"நடிக்காத. வடக்குன்னியே, அந்தப் பனை."

"போன் பொய் சொல்லாதுன்ன?"

நங்கூரம் செய்த வேலையைச் சொன்னேன். ஓரமாகச் சிரித்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். உனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"விடிகாலம் வலைக்குப் போறப்ப தெனம் பாக்கறேன். எல்லா நட்சத்திரமும் நகுருது. நம்ம கரையிலேர்ந்து பாத்தா, அந்தப் பனைக்கு மேல ஒண்ணு மட்டும் நகராம நிக்குது. சின்னப் புள்ளையிலேர்ந்து அது அங்கதான் கீது."

துருவ நட்சத்திரம். பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பதை மேடம் கரும்பலகையில் வரையும்போது நான் சாக்பீஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதைத் தினமும் பார்க்கிற மனிதரோடு இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாகவும் இருந்தது, சொல்ல முடியாத பெருமையாகவும் இருந்தது.

புதன்கிழமை

திங்கள் மேகம். செவ்வாய் மழை கொட்டியது, படகே விடவில்லை. புதன்கிழமை மத்தியானம் வரை தூறல். பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே எட்டி எட்டி மேற்கைப் பார்த்ததில், பக்கத்து சீட்டு அம்மா எனக்கு வாந்தி வருகிறது என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

படகில் ஏறும்போது மேற்கே அடியில் ஒரு முழம் அகலத்துக்கு மேகம் விலகியிருந்தது. போதும் என்று நினைத்தேன்.

தேசப்பன் அன்று சீக்கிரமே வலையை எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தார். முக்காலியை அதே இடத்தில் ஊன்றியிருந்தார். நங்கூரம் படகுக்கே போய்விட்டது. அதற்குப் பதில் மூன்று வலைப்பைகளில் சாக்குப் போட்டு, ஈரமணலை நிரப்பி, ஒவ்வொரு காலிலும் ஒன்றாகக் கட்டியிருந்தார். நான் சொல்லவே இல்லை.

மவுண்ட்டில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத் துளை இருக்கும். அதில் கண்ணை வைத்துப் பார்த்தபடி, வலப்பக்கம் இன்னும், இன்னும், நில்லு என்று நான் சொல்லச் சொல்ல அவர் முக்காலியை நகர்த்தினார். துளைக்குள் பனையின் தலை வந்து நின்றது. பிறகு அச்சைப் பதிமூன்று டிகிரிக்கு உயர்த்திப் பூட்டினேன். நகராத நட்சத்திரம் நிற்கிற இடம் அதுதான், இன்னும் தெரியவில்லை என்றாலும்.

ஒரு ஆசைக்காகக் கைப்பேசியை இரும்பு எதுவும் இல்லாத இடத்தில் தள்ளி வைத்துப் பார்த்தேன். முள் பனையைக் காட்டியது. அவரிடம் திருப்பிக் காட்டினேன். "இப்பத்தான் அதுக்கு புத்தி வந்துச்சா?" என்றார்.

இருபது நிமிடம் கிடைத்தது, அதற்குமேல் இல்லை. முதல் படத்துக்கு இருபது விநாடி. மணலில் யாரும் நடக்கக் கூடாது என்று தேசப்பன் எல்லோரையும் அதட்டி நிறுத்தியிருந்தார். கேமரா கண்ணை மூடியது. திரையில் படம் வந்தது. நான் அதைப் பெரிதாக்கி, மூலைக்குப் போனேன்.

புள்ளி. இன்னொரு மூலையிலும் புள்ளி. நடுவில் வால் நட்சத்திரத்தின் தலை உருண்டையாக, வால் மேலே விரிந்து.

சுகுணா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "மழ நின்னுடுச்சு அண்ணி," என்றாள்.

நான் அழுதேன். அழுதுகொண்டே நாற்பது படம் எடுத்தேன். பிறகு மேகம் மூடியது, தூறலும் ஆரம்பித்தது. தேசப்பன் தன் சட்டையைக் கழற்றித் தொலைநோக்கிமேல் போர்த்தினார்.

அட்டையில் ஒரு பெயர்

வியாழக்கிழமை கூட்டத்தில் மேடம் வால் நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் படத்தின் நாலு மூலைக்கும் போனார். விஷயம் தெரிந்தவர் அப்படித்தான் பார்ப்பார். பார்த்து முடித்துவிட்டு, இந்த மவுண்ட்டை நீ எதில் கொண்டுவந்தாய் என்று கேட்டார். சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் காட்டினேன். அதில் மேலே என் தயிர்சாதம், கீழே சார்லஸின் மவுண்ட்.

ராட்சசன் வேண்டும் என்றவர்களில் ஒருவர், எட்டு அங்குலக் குழாய் வாங்கினால் என்ன செய்வது என்றார். நியாயமான கேள்வி. வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது இருப்பதற்கு இது போதும் என்று மேடம் முடித்துவிட்டார். குட்டி வந்தது. சாமான் பதிவேட்டில் 'பொறுப்பு' என்ற இடத்தில் எப்போதும் ஒரு பேராசிரியர் பெயர்தான் இருக்கும். மேடம் அதில் என் பெயரை எழுதச் சொன்னார். நானே எழுதினேன், கொஞ்சம் பெரிய எழுத்தாகவே.

படத்தைச் சட்டம் போட்டுத் துறை வராந்தாவில் மாட்டினார்கள். இந்த மாதிரிப் படத்துக்குக் கீழே என்ன தொலைநோக்கி, என்ன மவுண்ட், எத்தனை விநாடி என்று ஓர் அட்டையில் எழுதுவது வழக்கம். நான் எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். 'வடக்கு: தேசப்பன், பசியாவரம்.'

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "யார் இது? இப்படியெல்லாம் யாரும் போட மாட்டாங்களே?"

எங்க வீட்டுக்காரர் என்று சொல்லி, நங்கூரத்தையும் மறைக்காமல் முழுக் கதையையும் சொன்னேன். அந்த வரியை எடு என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பனையை நான் பார்க்கணும் என்றார்.

மழைக்காலம் முடிந்து வந்தார். மாணவிகள் எட்டுப் பேர், மேடம், நான், புது மவுண்ட், எல்லோரும் ஒரே படகில். தேசப்பன் கழி போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். மேடம் வந்தபடியால் இஸ்திரி போட்ட சட்டை. கரையேறி, மூன்று கால்களிலும் மணல்பைகளைக் கட்டினோம். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மாணவிகள் முக்காலியைச் சுற்றி நின்றார்கள்.

மேடம் என்னைப் பார்த்து, சரி பூங்காவனம், வடக்கு எது என்று கேட்டார்.

கைப்பேசி என் கையில்தான் இருந்தது. அதை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

"அவரைக் கேளுங்க மேடம்," என்றேன்.